பட்டப்பெயருக்கு விழுந்த குத்து!

குட்டீஸ்... உங்களுக்கு வகுப்பில் பட்டப்பெயர் உண்டா? 'இல்லை' என்று அவசரமாகத் தலையை ஆட்டாதீர்கள். பக்கத்து பெஞ்சில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்!

வீட்டில் அம்மு, குட்டி, தம்பி என்று ஒரு பெயர். பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர். விளையாட்டு மைதானத்தில் மூன்றாவதாக இன்னொன்று. இந்த மூன்றாவது பெயர்தான் பொல்லாதது. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால், ஒட்டிக்கொண்டால் விடாது.

தென் அமெரிக்காவில் இருக்கும் பிரேசில் நாட்டில் ஒரு பையன் இப்படித்தான் மாட்டிக்கொண்டான். 1940 அக்டோபரில், 'மூன்று இதயங்கள்' என்று பொருள்படும் திரேஸ் கொரசோயிஸ் என்ற ஊரில் பிறந்தவன். அவன் பிறப்பதற்குச் சற்று முன்புதான் அந்த ஊருக்கு மின்சாரம் வந்திருந்தது. ஊரே பல்பைப் பார்த்து வாய் பிளந்து நின்ற நேரம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மின்விளக்கால் புகழ்பெற்ற தாமஸ் ஆல்வா எடிசனின் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டார்.

வீட்டார் வைத்தது 'எட்சன்'. ஆனால், பிறப்புச் சான்றிதழில் 'எடிசன்' என்று எழுதிவிட்டார்கள். பிறந்த தேதியையும் 23-க்குப் பதில் 21 என்று போட்டுவிட்டார்கள். சான்றிதழில் பெயர் மாறிப் போவது நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்தீர்களா?

முழுப்பெயர் எட்சன் அரான்டிஸ் டோ நாசிமென்டோ. அரான்டிஸ் என்பது அம்மா வீட்டுப் பெயர். நாசிமென்டோ அப்பா வீட்டுப் பெயர். நாம் அப்பாவை ஒரே ஒரு எழுத்தாகச் சுருக்கி, புள்ளி வைத்து, பெயருக்கு முன்னால் உட்கார வைத்துவிடுகிறோம். பிரேசிலிலோ அம்மா, அப்பா இரண்டு பேரின் குடும்பமும் முழுசாகப் பின்னால் வரும். இவ்வளவு நீளப் பெயரைச் சொல்லி, "பந்தை இங்கே தட்டு" என்று கத்துவதற்குள் எதிரணி கோல் போட்டுவிடும்! அதனால்தானோ என்னவோ, அங்கே பட்டப்பெயர் இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். எட்சனின் அப்பாவும் கால்பந்து வீரர். அவரை எல்லோரும் அழைத்தது 'டொன்டின்யோ' என்ற செல்லப்பெயரில். எட்சனுக்கும் வீட்டில் 'டிகோ' என்று ஒரு பெயர் இருந்தது. அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. சண்டை வந்தது அடுத்த பெயரால்தான்.

அப்பாவின் அணியில் 'பிலே' என்றொரு கோல்கீப்பர் இருந்தார். சின்ன எட்சனுக்கு அவர் மீது கொள்ளை ஆசை. தெருவில் கோல்கீப்பராக நின்று பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துவான். அவன் நாக்கு வழுக்கியதோ, கேட்ட பையன்களின் காது வழுக்கியதோ... 'பிலே' என்பது 'பெலே' ஆகிவிட்டது. போதாதா? "டேய் பெலே... பெலே..." என்று பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்துவிட்டார்கள்.

எட்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் பேசும் போர்த்துகீசிய மொழியில் 'பெலே' என்றால் அப்போது ஒரு அர்த்தமும் கிடையாது. எவ்வளவு பெரிய விஞ்ஞானியின் பெயர் தனக்கு! அதை விட்டுவிட்டு அர்த்தமே இல்லாத ஒரு பெயரா? ஒரு நாள் அப்படிக் கூப்பிட்ட வகுப்புத் தோழனுக்கு ஓங்கி ஒரு குத்து விட்டான். பலன்? இரண்டு நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்று தண்டனை.

அதோடு பெயர் ஒழிந்ததா? இவனுக்குக் கோபம் வருகிறது என்று தெரிந்துவிட்டதே, சும்மா விடுவார்களா! இன்னும் பலமாகக் கூப்பிட்டார்கள். நீங்களும் இதை அனுபவித்திருப்பீர்கள்.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 1958-இல், 17 வயதில், உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியில் பெலே இருந்தார். 1962, 1970 என மொத்தம் மூன்று உலகக் கோப்பைகள். வீரராக மூன்று கோப்பை வென்றவர் வேறு யாரும் இல்லை. 1977-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் அணிக்கு எதிராக ஆட வந்தபோது, நம் நாட்டு ரசிகர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆர்ப்பரித்தார்கள். ஆனாலும், பெரியவரான பின்பும் பெலேயை யாரோ மூன்றாம் மனிதரைப் போலத்தான் அவர் குறிப்பிடுவார். எட்சன் வேறு, பெலே வேறு என்பார்!

காக்காவும் குருவியும்

பெலேயோடு ஆடியவர்களில் மறக்க முடியாதவர் கரிஞ்சா. இவரது இரண்டு கால்களும் வளைந்தவை. ஒன்று மற்றதைவிடக் குட்டை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு எதிரணியினரை அவர் ஏமாற்றியதைப் போல வேறு யாரும் ஏமாற்றியதில்லை என்பார்கள். 'கரிஞ்சா' என்பது சிட்டுக்குருவியை விடச் சின்னதான ஒரு பழுப்புக் குருவியின் பெயர். சிறுவயதில் அவருடைய அக்கா வைத்தது. பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்தப் போட்டியிலும் பிரேசில் தோற்றதே இல்லை.

1994-இல் கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் பெயர் 'டுங்கா'. ஸ்னோ ஒயிட் கதையில் ஏழு குள்ளர்கள் வருவார்களே, அதில் பேசாத குள்ளனுக்குப் பிரேசிலில் டுங்கா என்று பெயர். இவன் வளரவே மாட்டான் என்று நினைத்து மாமா வைத்தாராம். நன்றாகவே வளர்ந்தார்!

அடுத்தவர் 'காக்கா'. நம் ஊர்த் தொலைக்காட்சியில் இவர் பெயர் வந்தபோது சிரிக்காத வீடு இருந்திருக்காது. ஆனால், இவருக்கும் கூரையில் உட்காரும் காக்காவுக்கும் சம்பந்தம் இல்லை. உண்மைப் பெயர் ரிக்கார்டோ. குட்டித் தம்பிக்கு அண்ணன் பெயர் வாயில் நுழையவில்லை. மழலையில் எப்படியோ கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. 2007-இல் உலகின் சிறந்த வீரர் விருது வாங்கியபோதும் அறிவித்தது அந்த மழலைப் பெயரைத்தான்.

நம்மிடம் இருக்கும் எழுத்து

சரி, ரொனால்டோ, ரொனால்டினோ பெயர்களைச் சொல்லுங்கள் பார்ப்போம். சொல்லிவிட்டீர்களா? பிரேசில்காரர் கேட்டால், "யார் அது?" என்பார்!

போர்த்துகீசிய மொழியில் பெயரின் தொடக்கத்தில் வரும் 'ர', பிரேசிலில் கிட்டத்தட்ட 'ஹ' மாதிரி ஒலிக்கும். அதனால் ரொனால்டோ அங்கே 'ஹொனாவ்து'. ரியோ டி ஜெனிரோ நகரம் 'ஹியு ஜி ஜனேரு'. நம் கரிஞ்சாகூட 'கஹின்ஷா'தான். கேட்கவே விநோதமாக இருக்கிறது, இல்லையா?

ரொனால்டினோ இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் என், ஹெச் இரண்டும் சேர்ந்து வரும். அந்த இரண்டும் சேர்ந்து என்ன ஒலி தெரியுமா? 'ஞ'! ஞாயிறு, ஞானம் என்று நாம் சொல்கிறோமே, அதேதான். ஆகவே அவர் பெயர் 'ஹொனவ்ஜீஞு'. ஆங்கிலேயர்கள் இதைச் சொல்லத் தடுமாறுவார்கள். நமக்கோ தனி எழுத்தே இருக்கிறது. இருந்தும் நாம் ஆங்கிலம் வழியாகப் போய் 'னோ' என்று முடிக்கிறோம். (நம் 'ழ'வை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்காதீர்கள்!)

இந்த 'இஞு' சேர்ந்தால் 'சின்ன' என்று அர்த்தம். 'அவுன்' சேர்ந்தால் 'பெரிய'. 1994 அணியில் இரண்டு ரொனால்டோக்கள் இருந்தார்கள். மூத்தவரைப் பெரிய ரொனால்டோ என்றும், 17 வயதுப் பையனைச் சின்ன ரொனால்டோ என்றும் அழைத்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் நாம் செய்வதுதானே! அந்தச் சின்னவர் வளர்ந்து வெறும் ரொனால்டோ ஆனார். அப்புறம் அவரைவிடச் சின்ன ஒருவர் வந்து 'சின்ன' பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். அவர்தான் ரொனால்டினோ. 2002-இல் இருவரும் சேர்ந்தே உலகக் கோப்பையை வென்றார்கள்.

அந்த நாட்டில் அரசியலிலும் இதே கதைதான். 2003-இலும் மறுபடி 2023-இலும் பிரேசில் அதிபராகப் பதவியேற்றவர் லூலா. லூயிஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் அது. கணவாய் மீனுக்கும் அங்கே அதே பெயர்! தேர்தலுக்காக 1982-இல் அதைத் தன் பெயரோடு சட்டப்படியே சேர்த்துக்கொண்டார்.

மறுபடி நம் எட்சனிடம் வருவோம். 2022 டிசம்பர் 29 அன்று, 82-வது வயதில் பெலே காலமானார். அடுத்த நான்கே மாதத்தில், 2023 ஏப்ரலில், பிரேசிலின் புகழ்பெற்ற மிக்கேலிஸ் அகராதி ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தது. ரசிகர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுக் கேட்ட சொல் அது. சொல்: பெலே. பொருள்: ஈடு இணையற்ற, அபாரமான, தனித்துவமான.

அர்த்தமே இல்லை என்று குத்துவிட்டானே ஒரு பையன், அதே சொல்தான்! இனி பிரேசிலில் பாட்டு, படிப்பு, சமையல் என எதில் அசத்துபவரையும் 'பெலே' எனலாம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப் பார்த்து, "நீ பெலேடா!" என்று வகுப்பே கத்தலாம்.

அவன் நிச்சயமாகக் குத்த மாட்டான்!