இலேசான காலணியும் அன்றாட ஓட்டமும்

நவி மும்பையில் சான்பாடாவை ஒட்டிச் செல்லும் பாம் பீச் சாலையில் விடியற்காலையில் ஓடிப் பழகுவோரைக் காணலாம். 2004-இல் தொடங்கி, பின்னர் பெரும்பாலும் சனவரித் திங்களில் நடைபெற்றுவரும் மும்பை மராத்தானுக்கு ஆயத்தமாவோரும் அவர்களுள் உளர். பந்தயத்திற்கென அமைந்த இலேசான காலணியை நாள்தோறும் அணியலாமா என்பது அத்தகையோர்க்கு எழும் வினா.

ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் எடை கூடினால், அதே வேகத்தில் ஓடுவதற்கு வேண்டிய பிராணவாயு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு மிகுகிறது. அங்ஙனமாயின் வெறுங்கால் ஓட்டமே மிகச் சிக்கனமானதாதல் வேண்டுமன்றோ? ஆய்வுக்கூடத்தில் அவ்வாறு காணப்படவில்லை. மெத்தை இல்லாதபோது அதிர்ச்சியைத் தாங்கும் வேலை தசைகளைச் சார்கிறது. அதற்கும் சக்தி செலவாகிறது.

பழைய மாதிரிப் பந்தயக் காலணியில் குதிப்பகுதி தாழ்ந்திருக்கும். ஆதலால் கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை மிகும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இசைந்துவிடும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு விரைவில் இசைவதில்லை. ஓடுபவர் தம் வலிமை பெருகியதாக மகிழும் காலத்திலேயே தீங்கு நேர்வது இதனால்தான்.

2017-இல் விற்பனைக்கு வந்த, தடித்த நுரைமெத்தையும் கரியிழைத் தகடும் கொண்ட புதுவகைக் காலணிகளும் ஐயத்திற்கு அப்பாற்பட்டன அல்ல. இவ்வகைக் காலணியுடன் ஓடிய ஐவருக்குப் பாதத்தின் படகெலும்பில் அழுத்தக் காயம் உண்டானதை மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்டனர். ஐவரைக் கொண்டு தகட்டின்மீது குற்றம் நாட்டிவிட இயலாது. எனினும் எச்சரிக்கைக்கு அது போதும்.

வாரத்தில் ஒரு நாள், விரைவோட்டத்திற்கு மட்டும் இவற்றை அணியத் தொடங்கலாம். மறுநாள் கெண்டைக்காலில் வலி தோன்றாவிடில் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மற்ற நாட்களுக்குக் கனத்த பழைய காலணியே தக்கது.