சரயுவில் இறங்கிய படிகள்

ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1958-இல் வெளிவந்த 'தி கைடு' நாவல், 1960-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. திரைப்படமாக மட்டும் கண்டவர்கள் அதனை ஒரு நாட்டியப் பெண்ணின் காதல் கதையாகவே நினைவில் வைத்திருப்பர். நூலைப் படித்தவர்களுக்கோ, ஆற்றங்கரையிலுள்ள ஒரு பழைய கோயிலும் அதன் படிக்கட்டுமே மனத்தில் நிற்கும்.

கதை எளியது. சுற்றுலா வழிகாட்டியான ராஜு, கேட்பவர் மகிழும்படி எதையும் சொல்லத் தெரிந்தவன். ரோஸி என்னும் மணமான பெண்ணிடம் மனம் பறிகொடுத்து, அவளை நாட்டியத்தில் புகழ்பெறச் செய்து, அப்புகழில் தானும் வாழ்கிறான். இறுதியில் அவளுடைய கையெழுத்தைத் தானே போட்டுச் சிறை செல்கிறான். விடுதலையானபின் போக்கிடமின்றி அக்கோயிலில் அமர்ந்தவனை, வேலன் என்ற கிராமத்தான் சாமியார் என்று கருதிவிடுகிறான்.

நாவலின் தொடக்கத்தில் ராஜு கருங்கல் பலகையில் சம்மணமிட்டு, அரியாசனத்தில் இருப்பவன்போல அமர்ந்திருக்கிறான். வேலன் இரண்டு படி கீழே. போலி மேலே, நம்பிக்கை கீழே! ஆசிரியர் இதற்கு விளக்கம் ஏதும் தரவில்லை. காட்சியை மட்டும் வைத்துவிட்டு நகர்கிறார்.

பின்னர் மழை பொய்க்கிறது. ஊரில் மூண்ட சண்டையை நிறுத்தும் பொருட்டு, சண்டை ஓயும்வரை உண்ணமாட்டேன் என்று ராஜு சொல்லி அனுப்புகிறான். அச்செய்தி, மழை பெய்யும்வரை சுவாமி உண்ணமாட்டார் என்று திரிந்து ஊரை அடைகிறது. தப்பிக்க எண்ணிய ராஜு தன் வாழ்க்கை முழுவதையும், மோசடி உட்பட, வேலனிடம் ஒளிவின்றிக் கூறுகிறான். விடிந்தபின்னும் வேலன் அவனைச் சுவாமி என்றே அழைக்கிறான். ஏமாறும் பாமரனின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது, சரியன்று. கேட்ட பின்னும் மாறாத அந்த வணக்கமே ராஜுவுக்குத் தப்பிக்கும் வழியை அடைத்து, வேறொரு வழியைத் திறக்கிறது.

முதலில் பதுக்கிய பழைய உணவை மறைவாக உண்டவன்தான் அவன். சில நாள் கழித்து, தன் பட்டினியால் மரம் தளிர்க்கும், புல் முளைக்கும் என்றால் அதை முழுமையாகவே செய்தாலென்ன என்ற எண்ணம் பிறக்கிறது. தனக்கென்று எதையும் வேண்டாத செயல் அவன் வாழ்வில் அதுவே முதன்முறை.

கடைசி நாள் காலை, வேலனும் மற்றொருவரும் தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியபடி அவன் கீழே இறங்குகிறான். மேலே அமர்ந்திருந்தவன் இப்போது வேலன் நிற்கும் இடத்திற்கே வந்துவிட்டான். அந்த ஆற்றின் பெயர் சரயு. இராமபிரான் அவதாரத்தை நிறைவுசெய்து இறங்கியதும் சரயுவிலேயே என்பது உத்தரகாண்டம் அறிந்தோர்க்குத் தெரியும். நாராயண் அதை எண்ணித்தான் பெயரிட்டாரோ இல்லையோ, நம் மனம் அங்கே செல்லாமல் இராது.

மைசூர்ப் பகுதியில் மழை பொய்த்த ஒரு காலத்தில், அந்தணர்கள் காவிரியில் முழங்காலளவு நீரில் நின்று வேண்டிய நிகழ்ச்சியே இக்கதைக்கு வித்தாயிற்று.

மலையில் மழை பெய்கிறது, அது தன் கால்வழி ஏறி வருவதை உணர்கிறேன் என்று சொல்லி ராஜு சாய்கிறான். 1965-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் மழை கொட்டித் தீர்க்கிறது. நாவலிலோ வேலன் அவனைத் தாங்கியபடி நிற்க, வானம் என்ன செய்தது என்று சொல்லாமலேயே நாராயண் பேனாவை வைத்துவிடுகிறார்.