பழைய புகையிலை விளம்பரங்கள்: சேகரிப்பும் இணையப் படப் பாதுகாப்பும்

பழைய இதழ்கள், நாளிதழ்கள், சுவரொட்டிகள் ஆகியவற்றில் வெளியான சிகரெட், சுருட்டு, புகையிலை விளம்பரங்களைத் தேடிப் பேணுவது ஒரு சேகரிப்புத் துறையாகும். அமெரிக்காவில் இது பொழுதுபோக்காக மட்டுமன்றி, பொதுநல ஆய்வுக்கான சான்றுத் தொகுப்பாகவும் வளர்ந்துள்ளது.

சான்றாகும் விளம்பரம்

லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் தொண்டைக்கு எரிச்சல் குறைந்தது என 20,679 மருத்துவர்கள் கூறியதாக 1930-இல் ஒரு விளம்பரம் அறிவித்தது. மருத்துவர்கள் மிகுதியாகப் புகைப்பது கேமல் சிகரெட்டையே என்னும் விளம்பரத் தொடர் 1946-இல் வந்தது. புகைத்தல் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை கூறியது 1964-இல்தான். மக்களின் அச்சத்தைப் போக்க மருத்துவரின் வெள்ளை அங்கி எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு இத்தாள்களே சாட்சி.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ராபர்ட் ஜாக்லரும் அவர் மனைவி லாரியும் இத்தகைய விளம்பரங்களைப் பெருமளவில் திரட்டினர். புகைக்கும் வழக்கமுடைய ஜாக்லரின் தாய்க்கு நுரையீரல் புற்றுநோய் ஏற்பட்டதே இதற்குத் தூண்டுதல். அவர்கள் திரட்டிய அசல் தாள்கள் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. படங்களை இணையத்தில் எவரும் காணலாம்.

தாளைப் பேணுதல்

அக்கால இதழ்த் தாள்கள் பெரும்பாலும் மரக்கூழால் ஆனவை. அவற்றிலுள்ள அமிலத்தால் தாள் பழுத்து நொறுங்கும். எனவே அமிலமற்ற உறையிலிட்டு, வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் கூடாது; பின்னர் அவற்றைப் பிரித்தால் தாளும் கிழியும்.

ஸ்கேன் செய்யும்போது, ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் டிஃப் கோப்பாகச் சேமித்து, அதை மூலப்படியாக வைத்துக்கொள்வது நல்லது. பகிர்வதற்குச் சிறிய ஜேபெக் படி போதும்.

உரிமை யாருக்கு?

தாளை விலைக்கு வாங்கியவருக்கு அதன் பதிப்புரிமை வந்துவிடாது. அமெரிக்கச் சட்டப்படி, அங்கு வெளியாகி 95 ஆண்டு நிறைந்த விளம்பரங்கள் பொதுவுடைமையாகும். பிற்கால விளம்பரங்களிலும், பதிப்புரிமைக் குறிப்பின்றி வெளியானவையும் உரிமை புதுப்பிக்கப்படாதவையும் பொதுவுடைமை ஆகியிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனியே ஆராய வேண்டும்.

பொதுவுடைமையான ஓவியத்தை உள்ளது உள்ளபடியே நகலெடுப்பதால் புதிய பதிப்புரிமை பிறக்காது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 1999-இல் பிரிட்ஜ்மேன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே, ஸ்கேன் செய்த உழைப்பு மட்டுமே படத்தின் மீது உரிமை தந்துவிடாது.

எதைக் காக்க வேண்டும்?

சேகரிப்பாளர் பலர் தம் பெயரைப் படத்தின் நடுவே நீர்க்குறியாகப் பதிக்கின்றனர். அதனால் சிறிய எழுத்துகள் மறைந்து, படம் ஆய்வுக்குப் பயன்படாமல் போகிறது. படத்துக்குக் கீழே வெள்ளை ஓரம் சேர்த்து, இதழின் பெயர், தேதி, பக்கம், நிறுவனம், சேகரிப்பாளர் பெயர் ஆகியவற்றை எழுதுவதே சிறந்தது. கோப்புக்குள்ளும் இவ்விவரங்களைப் பதிக்கலாம். ஆனால் சமூக ஊடகங்களில் ஏற்றும்போது அவை பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் வரியோ படத்துடனேயே பயணிக்கும். நிறத்தைத் திருத்தியிருந்தால் அதையும் அவ்வரியில் சொல்ல வேண்டும்.

இந்த வரி வெட்டப்பட்டால் இழப்பு சேகரிப்பாளருக்கு மட்டுமன்று. ஆண்டும் விளக்கமும் இன்றி உலவும் மருத்துவர் படம், வரலாற்றுச் சான்று என்ற நிலையை இழந்து, மீண்டும் சிகரெட் விளம்பரமாகவே வேலை செய்யத் தொடங்குகிறது.