பசித்தவருக்கென ஒரு வயல்

கனடா என்றால் நம் விவசாயிகளுக்கு நினைவுக்கு வருவது, அங்கிருந்து இறக்குமதியாகும் மைசூர்ப் பருப்பும் மஞ்சள் பட்டாணியும்தான். அதே கனடாவில், தங்கள் களஞ்சியத்துக்காக அல்லாமல், முகம் தெரியாத ஏழைகளின் பசிக்காகவே பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். இவர்களை ஒன்று சேர்ப்பது வினிபெக் நகரில் இயங்கும் ‘கனேடியன் ஃபுட்கிரெய்ன்ஸ் பேங்க்’ என்ற தானிய வங்கி.

பஞ்சம் கற்றுத்தந்த பாடம்

1921-22ல் இன்றைய உக்ரைன் பகுதியைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அங்கு விவசாயம் செய்துவந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் பலர், வட அமெரிக்காவிலிருந்த தங்கள் சபையார் அனுப்பிய உணவால் உயிர் பிழைத்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் கனடாவில் குடியேறினர். அங்குள்ள மென்னோனைட் சபையார் 1976ல் உபரி தானியத்தைச் சேர்த்துப் பசித்த நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1983ல் மற்ற சபைகளும் கைகோத்து இந்த வங்கியை அமைத்தன. இன்று 15 சபைகளும் சபை அமைப்புகளும் இதில் உறுப்பினர்கள். வழிபாட்டில் வேறுபட்டாலும் வயலில் ஒன்றாக நிற்கிறார்கள்.

எப்படி நடக்கிறது?

ஒருவர் நிலம் தருவார். இன்னொருவர் விதை தருவார். உரக் கடைக்காரர் உரத்தை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுப்பார். அறுவடை நாளில் அக்கம்பக்கத்தார் தங்கள் அறுவடை இயந்திரங்களோடு வந்து இறங்குவார்கள். விளைந்த கோதுமை, பார்லி, கனோலாவை விற்ற பணம் வங்கிக்குப் போகும். அதில் ஒரு டாலருக்கு நான்கு டாலர் வரை, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, கனடா அரசும் சேர்த்துத் தருகிறது. உதவி பெறுபவரின் மதத்தைப் பார்ப்பதில்லை.

தானியமா, பணமா?

தொடக்கத்தில் தானியத்தையே கப்பலில் அனுப்பினார்கள். அதில் சிக்கல்கள் இருந்தன. கப்பல் கூலி அதிகம். போய்ச் சேர மாதங்கள் ஆகும். அந்த ஊர் அறுவடை நேரத்தில் வெளிநாட்டுத் தானியம் வந்து குவிந்தால், அங்குள்ள விவசாயியின் விளைபொருள் விலை சரியும். வரத்து கூடினால் விலை என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், அரசு உதவியின் பெரும்பகுதிக்குக் கனடா தானியத்தையே வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. அதைத் தளர்த்தக் கோரியவர்களில் இந்த வங்கியும் ஒன்று. 2008ல் அந்தக் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. இப்போது பெரும்பாலும் பசி உள்ள இடத்துக்கு அருகிலேயே உணவு வாங்கப்படுகிறது. எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா விவசாயிகளுக்கு உழவைக் குறைத்தல், மூடாக்கு, பயிர்ச் சுழற்சி ஆகியவற்றையும் கற்றுத்தந்தார்கள்.

வயல் ஓரத்தை முழுவதும் அறுக்காமல் ஏழைக்கு விட்டுவிடு என்கிறது வேதாகமம். இவர்கள் ஓரத்தோடு நிற்காமல் முழு வயலையே விட்டார்கள். கூடவே, தங்கள் தானியம்தான் போக வேண்டும் என்ற பெருமையையும் விட்டார்கள். உதவியால் வாங்குபவர் ஊரின் உழவு அழியக்கூடாது என்பதை உணர்ந்த விவசாயிகள் இவர்கள்.