ஒரே கிருமி, இரு வேறு கதி!

வீட்டில் ஒரு குழந்தைக்கு ஜலதோஷம் வந்தால் மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றிக் கொள்கிறது. ஆனால் ஒருவன் பத்து நாள் படுத்துக் கிடப்பான்; இன்னொருவன் இரண்டு தும்மலோடு விளையாடப் போய்விடுவான். "அவன் உடம்பு வாகு அப்படி!" என்பாள் பாட்டி. எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் ஹெச்.ஐ.வி. கிருமி விஷயத்திலும் பாட்டி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது!

மருந்து சாப்பிடாவிட்டால், இந்தக் கிருமி பெரும்பாலோரைச் சுமார் பத்து வருஷத்தில் எய்ட்ஸ் நிலைக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவான சிலர் மருந்தே இல்லாமல் பல வருஷம் சௌக்கியமாக இருக்கிறார்கள். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படுவதுகூட இல்லை. என்ன மாயம் இது?

அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து டாக்டர் புரூஸ் வாக்கரும் பல நாட்டு விஞ்ஞானிகளும் இதை ஆராய்ந்தார்கள். கிருமியைத் தாமாகவே அடக்கிய 974 பேரின் ஜீன்களை, அடக்க முடியாத 2,648 பேரின் ஜீன்களோடு ஒப்பிட்டார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. முக்கியமான வித்தியாசங்கள் எல்லாம் ஆறாவது குரோமோசோமில், ஹெச்.எல்.ஏ. ஜீன்கள் உள்ள ஒரே பகுதியில் இருந்தன!

இந்த ஜீன்கள் செய்யும் வேலை என்ன? நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவும், தனக்குள் இருக்கும் புரோட்டீன் துணுக்குகளைத் தாம்பாளத்தில் ஏந்தி வாசலில் காட்டுகிறது. காவல்கார அணுக்கள் அதைப் பார்வையிடும். கிருமியின் துணுக்கு தெரிந்தால், அந்த உயிரணுவையே ஒழித்துவிடும். அந்தத் தாம்பாளத்தைச் செய்து தருபவைதான் ஹெச்.எல்.ஏ. ஜீன்கள். தாயிடமிருந்து ஒரு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு என்று வரும் பிதுரார்ஜிதம் இது.

ஹெச்.ஐ.வி. அடிக்கடி வேஷம் மாற்றித் தப்பும் திருடன். ஆனால் பி-57, பி-27 என்ற வகைத் தாம்பாளங்கள், அவன் எளிதில் மாற்ற முடியாத அங்கங்களையே காட்டிக் கொடுக்கின்றன. மாற்றினால் அவனே பலவீனப்பட்டுப் போவான்!

இதிலும் ஒரு வினோதம். பி-27 உள்ளவர்களுக்கு முதுகெலும்பு வாதம் வரும் வாய்ப்பு அதிகம். பி-57-ல் ஒரு வகை உள்ளவர்களுக்கு அபகாவிர் என்ற ஹெச்.ஐ.வி. மருந்தே ஆபத்தாகலாம், அதனால் சோதித்துப் பார்த்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள்.

பி-57 இருந்தும் நோய் முற்றியவர்கள் உண்டு. ஆகவே பிதுரார்ஜிதத்தை நம்பி மருந்தை ஒதுக்கக் கூடாது. தினமும் தவறாமல் மருந்து சாப்பிட்டால், எந்தத் தாம்பாளத்தோடு பிறந்தவரும் கிருமியை அடக்கி வைக்கலாம். அப்படி அடக்கிய தாய், பெரும்பாலும் கிருமி தொற்றாத குழந்தையையே பெற்றெடுக்கிறாள். சிலருக்குப் பிறவியில் கிடைத்த பாக்கியம், இன்று மருந்தினால் மற்றவர்களுக்கும் கிடைக்கிறது!