தாளம் இடம் மாறிய கதை

நம் மிருதங்க வித்வான் சம்மணமிட்டு அமர்ந்து, இரு கைகளாலேயே தாளத்தை நடத்திச் செல்கிறார். மேனாட்டு ஜாஸ் இசையில் டிரம்ஸ் வாசிப்பவரின் நிலை வேறு. அவருடைய வலக்கால் ஒரு மிதியை அழுத்திப் பெரிய முரசை ஒலிக்கச் செய்கிறது. இடக்கால் இரண்டு தாளத்தட்டுகளை மூடித் திறக்கிறது. எனவே, கால்கள் செயலிழந்தால் அவருடைய கலையில் பாதி போய்விடுகிறது. அந்நிலையை எய்திய ஒரு கலைஞர் என்ன செய்தார் என்பதே இங்கு நாம் காணப்போவது.

ராபர்ட் வயட் 1945-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். ஜாஸையும் ராக் இசையையும் இணைத்துப் பல சோதனைகள் நிகழ்த்திய ‘ஸாஃப்ட் மெஷீன்’ குழுவில் டிரம்ஸ் வாசித்தார், பாடவும் செய்தார். 1971-இல் அதனின்று விலகித் தனிக்குழு ஒன்றை நடத்தினார். 1973 ஜூன் 1 அன்று லண்டனில் ஒரு விருந்தின்போது, மது மயக்கத்தில் மாடிச் சாளரத்திலிருந்து கீழே விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உடல் செயலற்றது. அப்போது அவருக்கு வயது 28.

தண்டுவடச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள் கழிந்தன. அங்கிருந்த பழைய பியானோ ஒன்றில் பாடல்களை உருவாக்கலானார். அவற்றின் விளைவே 1974 ஜூலை 26 அன்று வெளிவந்த ‘ராக் பாட்டம்’ என்னும் இசைத்தட்டு. இனிக் கீழே விழ இடமில்லாத நிலையை இத்தொடர் குறிக்கும். கடலடிப் பாறை என்றும் பொருள்படும். பாடல்களில் கடல் பயின்று வருவதால் இரு பொருளும் பொருந்துகின்றன.

துன்பமே இவ்விசையைத் தோற்றுவித்தது என்று நாம் எண்ணக்கூடும். அது முழு உண்மையன்று. விபத்துக்கு முன்பே, வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது, அவருடைய துணைவி அல்ஃப்ரெடா பெஞ்ச் வாங்கித் தந்த சிறு கீபோர்டில் இப்பாடல்கள் பலவற்றை அவர் தொடங்கியிருந்தார். விபத்து மாற்றியது இசையை ஆக்கும் முறையைத்தான். ஒரே குழுவுக்குள் அடங்கி இசைக்கவேண்டிய கட்டாயம் நீங்கியது. ஒவ்வொரு பாடலுக்கும் ஏற்ற கலைஞர்களைத் தேர்ந்து அழைக்க முடிந்தது. தென்னாப்பிரிக்கரான மாங்கெஸி ஃபெஸாவின் டிரம்பெட் ஒலி ஒரு பாடலில் அடுக்கடுக்காக எழுகிறது. தாம் கைவிட்ட டிரம்ஸைச் சில இடங்களில் லாரி ஆலன் வாசிக்கிறார். இசைத்தட்டின் தயாரிப்பாளர் நிக் மேஸனும் ‘பிங்க் ஃப்ளாய்ட்’ குழுவில் டிரம்ஸ் வாசித்தவரே.

ஆயினும் வயட்டின் தாளம் மறைந்துவிடவில்லை. கைமுரசும் வீட்டுத் தாம்பாளமும்கூட அவருக்குத் தாளக் கருவிகளாயின. ‘அலிஃபிப்’ என்னும் பாடலில் அவருடைய மூச்சே சீராக இழைந்து தாளமாகிறது. துணைவியின் செல்லப்பெயரை ஒட்டி எழுந்த பாடல் அது. அதனைத் தொடரும் பாடலின் முடிவில் அவரே குரல் கொடுத்துக் குறும்பாக மறுமொழி கூறுகிறார். இசைத்தட்டு வெளிவந்த அதே நாளில் இருவருக்கும் திருமணம் நடந்தது. உறையின் ஓவியத்தைத் தீட்டியவரும் அவரே.

மொத்தம் ஆறே பாடல்கள். முதல் முறை கேட்கும்போது அவை விநோதமாகத் தோன்றலாம். மூச்சைத் தாளமாகக் கொண்டு மீண்டும் ஒருமுறை கேளுங்கள். போன கால்களுக்காக அழும் ஒருவரையன்று, எஞ்சியவற்றைக் கொண்டு வேலையைத் தொடங்கிவிட்ட ஒருவரையே அங்கே காண்பீர்கள்.