ஆசனவாய் அரிப்பு: வெட்கத்தை விட்டுப் பேசுவோம்

தலைவலி வந்தால் நாலு பேரிடம் சொல்கிறோம். ஆசனவாயில் அரிப்பு வந்தால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து மெடிக்கலில் தாழ்ந்த குரலில் "ஒரு அரிப்பு ஆயின்மென்ட் குடுங்க" என்று வாங்கித் தடவுவதோடு சரி. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

நம்ம மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் உப்பு வாருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். காலையிலிருந்து வியர்வை, உப்புத் தண்ணியில் ஊறிய துணி. கழுவ நல்ல தண்ணி பாத்திக்குப் பக்கத்தில் கிடைப்பது அரிது. ஈரமும் உப்பும் சேர்ந்து உரசினால் அந்த மெல்லிய தோல் வெந்துபோகும். வெந்தால் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், புண் மறுபடி அரிக்கும். இந்தச் சுழலை அறுப்பதே பாதி வைத்தியம்.

"அழுக்கால்தான் அரிக்குது" என்று சோப்பும் டெட்டாலும் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அது அரிப்பைக் கூட்டவே செய்யும். வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். வேலைக்குப் போகும்போதே ஒரு பாட்டில் நல்ல தண்ணியும் மாற்று உள்ளாடையும் கையோடு இருக்கட்டும். இரவில் ஜிங்க் ஆக்சைடு க்ரீமை மெல்லியதாகப் பூசலாம். காரமும் காப்பியும் சிலருக்கு ஒத்துக்காது, குறைத்துப் பார்க்கலாம்.

ராத்திரியில் மட்டும் அரிப்பு, அதுவும் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் இருக்கிறதா? கீரிப்பூச்சியாக இருக்கலாம். பெண் புழு இரவில் வெளியே வந்து முட்டையிடும். சொறிந்த நகத்தில் ஒட்டி வாய்க்குப் போய்ச் சேரும். ஒருத்தர் மட்டும் மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை. டாக்டர் சொல்லும் அளவில் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் அல்பெண்டசோல் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. நகம் வெட்டுவது, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைப்பது கட்டாயம்.

இனி அந்த ஆயின்மென்ட் கதை. பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் காரணம் படையாக இருந்தால் உள்ளுக்குள் பரவும், தோலும் மெலியும். வீரியமான ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது அதனால்தான்.

மூலம், வெடிப்பு, சர்க்கரை நோய் இவையும் காரணமாகலாம். ரத்தம் கசிந்தால், கட்டி தட்டுப்பட்டால், மலம் போகும் பழக்கம் மாறினால், எடை குறைந்தால் தாமதிக்காதீர்கள்; புற்றுநோய் இல்லையென்று பார்த்துக்கொள்வது அவசியம். மூன்று நாலு வாரமாகியும் அரிப்பு அடங்காவிட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புதுச்சேரி ஜிப்மரில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே டாக்டர்கள் இதையெல்லாம் தினமும் பார்ப்பவர்கள்தான்; உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள்.